சேற்றில் கழற்றிய மின்னல்

“…சுடாது, கடிக்காது, வயர் ஒண்டும் இல்ல, பாருங்க. ஆராவது ஒராள் வாங்கிப் புடிங்களன்” என்று சொல்லி, எரிகிற டியூப் லைட்டைக் கையில் நீட்டிக்கொண்டு நின்றார் கிணத்துக் காக்கா.

என் கடைக்குள் அப்போது பதினொரு பேர் இருந்தார்கள். பகல் லுஹர்த் தொழுகை முடித்து, சோறு தின்று, வாயில் வெற்றிலையோடு வந்த கூட்டம். கதவுப் பலகைகளை எல்லாம் பூட்டி, இடுக்குகளில் சாக்கு அடைத்து, பட்டப்பகலை இருட்டாக்கி வைத்திருந்தேன். மேசையில் என் மெஷின் கறகறவென்று பொரிந்துகொண்டிருந்தது. காக்காவின் குரல் அந்த இரைச்சலுக்கு மேலால்தான் வந்தது. டியூபின் வெளிச்சத்தில் எல்லாருடைய முகமும் தெரிந்தது, ஒருவருடைய கையும் தெரியவில்லை. ஒருத்தி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஒருவர் பின்னால் கட்டிக்கொண்டார். இன்னொருவர் சாரத்தை இடுப்பில் இறுக்குகிற சாட்டில் இரண்டு கையையும் மடிக்குள்ளேயே வைத்திருந்தார். இவ்வளவு நேரமும் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்த ஆட்கள்.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் அந்த மெஷின் எதிலிருந்து வந்தது என்று சொல்லாமல் அதைச் சொன்னால் நான் நல்ல பிள்ளையாகிவிடுவேன். அதற்கு எனக்கு விருப்பமில்லை.

கிணத்துக் காக்கா கிணறு வெட்டுகிறவர், இறைக்கிறவர். சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூர் வரைக்கும் அவர் இறங்காத கிணறு குறைவு. எங்கள் பக்கத்தில் மூத்த ஆம்பிளையைக் காக்கா என்போம், அவருக்கு முன்னால் கிணறும் சேர்ந்துகொண்டது. சுனாமி என்று கடல் வந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் வேறு வேலையும் செய்தார். மையித்து எடுத்தார், செத்தவர்களின் உடல். மண்ணுக்குள்ளும் கூரைத் தகட்டுக்குக் கீழேயும் கிணற்றுக்குள்ளும் கிடந்த மையித்துகளை, சொப்பிங் பேக்கைக் கையில் கட்டிக்கொண்டு, மூன்று நாள் விடாமல் எடுத்தார். சொந்தத் தம்பியின் மையித்தைத் தொடமாட்டேன் என்று வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தவர்களை நான் கண்டேன். அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த மணம் அப்படி. மூக்கைப் பொத்தினால் வாய்க்குள் வரும், வாயைப் பொத்தினால் கண்ணில் எரியும். காக்கா மட்டும் ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிந்தார்: “மணக்கிறது அவங்க இல்ல தம்பி, நம்மளும் நாளைக்கு இப்பிடித்தான் எண்ட எண்ணம்தான் மணக்குது.”

நான் ரேடியோ, டிவி திருத்துகிறவன். யாரிடமும் பழகவில்லை. கழற்றிக் கழற்றிப் பழகினது. என் கடை பெரிய ரோட்டில் இருந்ததால் தண்ணீர் வாசல்படியோடு நின்றுவிட்டது. மூன்றாம் நாள் கடற்கரைப் பக்கம் போனேன். ஆட்களைத் தேடப் போகிறேன் என்று பொஞ்சாதியிடம் சொன்னேன். பொய் இல்லை, ஒரு மணித்தியாலம் தேடினேன். பிறகு சுவரில்லாத ஒரு வீட்டுக்குள் ஒரு ஃபிரிட்ஜ் குப்புறக் கிடந்தது. கட்டார் போய் வந்த ஒருவரின் வீடு. அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று எனக்குத் தெரியும். ஃபிரிட்ஜின் முதுகில் செம்புக் குழாய் வளைந்து வளைந்து ஓடியிருந்தது. வெயிலுக்கு மினுங்கியது. என் மடியில் சிவப்புக் கைப்பிடி போட்ட வெட்டுக் குறடு இருந்தது. குந்தினேன்.

அந்தச் செம்பை இரண்டு வெட்டு வெட்டியிருப்பேன், காக்கா வந்து முன்னால் நின்றார். முழங்கை வரைக்கும் கறுப்புச் சேறு.

“தம்பி, அந்தக் குறட்டத் தா. ஒரு பொம்புள வலையில சுத்திக் கிடக்கா. நைலோன். கத்திக்கு ஏலாம இரிக்கி.”

நான் அங்கே என்ன செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. குறட்டை வாங்கிக்கொண்டு போனார். தூரத்தில் தென்னைமரத்தடியில் முழங்காலில் நின்று, வலையின் கண்களை ஒவ்வொன்றாக அவர் வெட்டுவது தெரிந்தது. கைப்பக்கம், கழுத்துப்பக்கம். நான் போய் ஒரு பக்கத்தைப் பிடித்திருக்கலாம். போகவில்லை. குறடு இல்லாததால் மிச்சக் குழாயைக் கையால் வளைத்து முறித்தேன்.

ரோட்டில் நின்றவர்களும் அதைத்தான் பார்த்தார்கள்: ஒரு ஆள், ஒரு மையித்து, கையடியில் ஒரு குறடு. ஊர் மிச்சத்தை நிரப்பிக்கொண்டது. “குறட்டால மையித்துட காப்ப வெட்டினானாம்.” முதலில் ஒரு காப்பு. பெருநாள் வந்தபோது அது ஒரு சோடியாகி, அடுத்த பெருநாளுக்கு ஒரு சீனி டின் நிறைய ஆகிவிட்டது. கிணறு இறைக்க அவரைக் கூப்பிடுவார்கள், ஏனென்றால் வேறு ஆள் இல்லை. ஆனால் தேத்தண்ணி கொடுக்கிற கோப்பையைப் பிறகு தனியாகக் கவிழ்த்து வைப்பார்கள். நான் அதையும் கண்டேன். குறடு என்னுடையது என்று ஒரு வசனம் சொன்னால் முடிந்திருக்கும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, நீ அங்க குறட்டோட என்ன செய்தாய் என்று வரும். ஆகவே வாயை மூடிக்கொண்டிருந்தேன். வருசக்கணக்காக.

அந்தக் காலத்தில் ஊரின் தண்ணீர் குடித்த சாமான் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது. டிவி, ஃபேன், மிக்சி, வோஷிங் மெஷின், அரபு நாட்டிலிருந்து வந்த மைக்ரோவேவ் அடுப்பு. “ஒருக்காக் கழுவிப் பாருங்களன் தம்பி.” நல்ல தண்ணீரில் கழுவி, மண்ணெண்ணெய் பூசி, வெயிலில் வைப்பேன். ஒன்றும் உயிர் பெறவில்லை. உப்பு உள்ளுக்கு இருந்து தின்றுகொண்டே இருந்தது. மூடியைக் கழற்றினால் கறுப்புச் சேறு கட்டியாக விழும், அழுகின முட்டையும் டீசலும் கலந்த வெடில் அடிக்கும். ஒரு டிவிக்குள் செத்த நண்டு. ஒரு மிக்சிக்குள் கரப்பான் முட்டை, குலைகுலையாக. ஒரு மேசை ஃபேனின் தண்டில் நீட்டு மயிர், இரண்டு முழம் நீளம், சுற்றிச் சுற்றி, நுனியில் ஊதா ரப்பர் பேண்ட். அதைக் கண்ட அன்று நானும் வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தேன்.

சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். “சரி வராதா? அப்ப நீங்களே வச்சிருங்க” என்று போவார்கள். கடைக்குப் பின்னால் குவியல் கூரை மட்டத்துக்கு வளர்ந்தது. மழை பெய்தால் மணக்கும், வெயில் அடித்தால் அதைவிட மணக்கும். செத்த வீடுகளின் சாமானில் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன். ஒருவரும் என்னைக் கள்ளன் என்று சொல்லவில்லை. “மூளைக்காரன்” என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்கு ஓங்காளம் வரும்.

அந்தக் குவியலுக்குள் அட்டை போன ஒரு இங்கிலீஷ் புத்தகமும் இருந்தது, தண்ணீர் குடித்து தலகாணி போல ஊதி. இங்கிலீஷ் எழுத்து எனக்கு அவ்வளவாக ஓடாது, படம் ஓடும். ஒரு பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற ஒரு குழாய், அதில் மயிர் இழை போலச் செம்புக் கம்பி, தலையில் ஒரு உருண்டை, உருண்டையிலிருந்து நாலா பக்கமும் மின்னல். டெஸ்லா கொயில் என்று போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஆள், வயரில்லாத டியூபைக் கையில் பிடித்தபடி நிற்கிறார், டியூப் எரிகிறது. நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டினேன். இந்த அரியண்டத்துக்குள்ளிருந்து ஒரு சுத்தமான சாமான் வெளியே வரவேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். மின்னலைவிடச் சுத்தமான சாமான் எனக்குத் தெரியவில்லை.

யுத்தகாலம். சும்மா ஒரு சுருள் வயரை சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாலே ஆமிச் சென்ரியில் இறக்கிக் கேட்பார்கள். ஆகவே வெளியில் ஒன்றும் வாங்க ஏலாது, எல்லாம் குவியலுக்குள்ளிருந்துதான். இரண்டு மைக்ரோவேவ் அடுப்புகளின் ட்ரான்ஸ்போமர் எடுத்தேன். ஆளைக் கொல்லுகிற சாமான் அது, அதை இன்றைக்கும் ஒருவருக்கும் செய் என்று சொல்லமாட்டேன். டிவிக் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றின வளையம் ஒன்று இருக்கும், அதை உரித்தால் மெல்லிய கம்பி அறாமல் வரும். அதை ஒரு பைப்பில் சுற்றினேன். எண்ணூறு சுற்று. நடுவில் யாராவது சலாம் சொன்னால் எண்ணிக்கை பிழைக்கும், கிறுகி முதலிலிருந்து. கரண்ட் பாய்ந்து ஃபியூஸ் போகாமல் இருக்க ஒரு பழைய அயன் பொக்ஸை நடுவில் மாட்டினேன். அடிக்குச் சுற்றுகிற தடித்த சுருளுக்கு அந்த ஃபிரிட்ஜின் செம்புக் குழாய். ஓம், அந்தக் குழாய்தான். அதுவரைக்கும் அதை விற்கவும் இல்லை, எறியவும் இல்லை. சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருந்தேன்.

படத்தில் இன்னொரு சாமான் இருந்தது: உப்புத் தண்ணீர் நிரப்பின கண்ணாடிப் போத்தல்கள். சோடாப் போத்தலில் வைத்துப் பார்த்தேன், வெடித்தது. தடித்த கண்ணாடி வேணும். பழைய போத்தல் வாங்குகிறவரிடம் ஆறு பியர்ப் போத்தல் எடுத்து வந்து மேசைக்குக் கீழே மறைத்தேன். பொஞ்சாதி அன்றைக்குத்தான் கடையைக் கூட்ட வந்தாள்.

“இஞ்சாருங்க. ஊத்தையத் திண்டு பாத்தீங்க, சேத்த மணந்து பாத்தீங்க. இப்ப இதுவும் துவங்கிட்டீங்களா?”

“அது மின்னலுக்கு.”

“குடிச்சாத்தான் மின்னல் தெரியும். எனக்குத் தெரியாதா?”

போத்தலை ஏழு தரம் கழுவச் சொன்னாள். கழுவினேன். பிறகு கடலுக்குப் போய் ஒரு கேனில் தண்ணீர் மொண்டு வந்து, ஆறு போத்தலிலும் ஊற்றி அடைத்தேன். எங்களைத் தின்ற கடல், பியர்ப் போத்தலுக்குள், என் மேசையில். அதைப் பார்க்க எனக்கு ஒரு கெட்ட சந்தோசம் வந்தது, மறைக்கவில்லை. தலையுருண்டைக்கு அவள் வட்டிலப்பம் அவிக்கிற அலுமினியத் தட்டு இரண்டை வாயோடு வாய் வைத்துப் பொருத்தினேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு நோன்பு வட்டிலப்பம் இல்லாமல் போனது.

யுத்தம் முடியப்போகிறது என்று டிவி இராப்பகலாகச் சொல்லிக்கொண்டிருந்த கிழமையில்தான் மெஷின் முதன்முதல் பொரிந்தது. எதிரே தேத்தண்ணிக் கடையில் சனம் நிறைந்திருந்தது. டிவியில் மையித்தைக் காட்டுகிறார்கள், இவர்கள் பேட்டிஸைக் கடித்துக்கொண்டு “அங்கால பாரு, அங்கால பாரு, இன்னொண்டு” என்கிறார்கள். யாருடைய பிள்ளையோ. மூலையில் கல்முனைத் தமிழ்ப் பகுதியிலிருந்து மீன் கொண்டு வருகிறவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வருசத்துக்கு முந்தி சொந்த மையித்தைத் தொடாதவர்கள், இப்போது டிவி மையித்துக்கு விரல் நீட்டி எண்ணுகிறார்கள். நான் கடைக்குள் போய், கோபத்தில்தான், சுவிச்சைப் போட்டேன்.

வட்டிலப்பத் தட்டிலிருந்து ஊதா மின்னல் ஒரு முழம் பாய்ந்தது. எதிர்க் கடை டிவியில் கோடு கோடாக விழுந்து படம் செத்தது. “அடே, அடே, என்னடா நடக்குது!” என்று ஒரு கூச்சல். மூன்றாவது தரம் போட்டபோது தேத்தண்ணிக் கடைக்காரர் கதவைத் தட்டினார், பின்னால் ஊர்.

“தம்பி, இது என்ன பேய்க் கூத்து?”

சுவரில் ஒட்டின படத்தைக் காட்டினேன். குவியலில் கிடந்த டியூப் ஒன்றை எடுத்துக் கையில் பிடித்தேன். எரிந்தது. சுத்தமான சாமான் வந்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. அது அரை மணித்தியாலம்தான் நிறைந்திருந்தது.

ஒவ்வொருவராக டியூபைப் பிடித்துப் பார்த்தார்கள். எரிந்தது. நிவாரண அரிசியைச் சாக்கு மாற்றி விற்றவர் என்று ஊர் கதைக்கிற ஒரு வியாபாரியும் வந்திருந்தார். அவருக்குப் பயம். வாசல்படியை விட்டு உள்ளே வராமல் கையை நீட்டி டியூபை வாங்கினார். மெஷினிலிருந்து அவ்வளவு தூரத்துக்கு அது எட்டாது. எரியவில்லை.

“பாத்தியளா?” என்றார் தேத்தண்ணிக் கடைக்காரர் மெதுவாக. “ஹராம் பட்ட கை. களவு தொட்ட கை.”

“தூரம், தூரத்தாலதான் எரியல்ல. கிட்ட வந்தா எரியும்” என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? வியாபாரி அதற்குள் டியூபைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். டியூப் உடைந்தது, கதை ஒட்டிக்கொண்டது. அடுத்த நாளே, ஹராம் பட்ட கையில் எரியாத விளக்கு இருக்கிறதாம் என்று ஒலுவில் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து கேட்டார்கள். பள்ளிவாசலில் ஒருவர், இப்படி நம்புவது பெரிய பாவம் என்று சொன்னார். சொன்னவரும் அடுத்த கிழமை வந்து வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் மெஷினுக்குச் சாக்கைப் போட்டு மூடினேன். சேற்றிலிருந்து கழற்றி எடுத்ததை ஊர் திரும்பவும் சேற்றில் போட்டுவிட்டது.

ஒரு வியாழக்கிழமை காலையில் கிணத்துக் காக்கா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர் அவர் ஒருவர்தான்.

“தம்பி, மகளுக்கு நிந்தவூர்ல ஒரு மாப்பிள பேசி வந்திரிக்கி. நல்ல பொடியன். புள்ளைக்கும் விருப்பம்.”

“மாஷா அல்லாஹ்.”

“மாப்பிளட உம்மாக்குக் கதை போயிட்டு. அந்தக் காப்புக் கதை. பொண்ணுட கையில கிடக்கிற காப்பு ஆர்ட கையில கிடந்தது எண்டு கேட்டு விட்டிரிக்கா.”

அவருடைய மகள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவள் கையில் கிடந்தது அவள் உம்மாவின் காப்பு, கடல் வரும் முன்பே ஊர் அறிந்தது. “இதுக்கு முந்தி ரெண்டு இடம் இப்பிடித்தான் போன” என்றார். “புள்ள என்ன சொல்றாள் தெரியுமா? வாறவங்க என்னப் பாக்க வரல்ல வாப்பா, உங்கட கைய மணந்து பாக்கத்தான் வாறாங்க எண்டு.” சொல்லிவிட்டு உள்ளங்கையைப் பார்த்தார். கிணற்றுக் கயிறு தின்று காய்த்துப்போன கை. “இது மூணாவது. இதுவும் போனா அவள் இனி ஒருத்தருக்கும் முன்னால வந்து நிக்கமாட்டாள். அதால, மாப்பிள வீட்டாக்களுக்கு முன்னால அந்த விளக்க ஒருக்கா என்ட கையில தா.”

நான் சாக்கை இழுத்துப்போட்டு, மெஷினைப் போட்டு, டியூபை என் கையில் பிடித்தேன். எரிந்தது.

“பாருங்க. என்ட கையிலயும் எரியுது. நான் அண்டைக்கு என்ன செய்துகொண்டு இரிந்த எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

டியூபை மெஷினுக்குப் பின்னால் சுவரில் சாத்திவிட்டுக் கையை எடுத்தேன். கொஞ்சம் மங்கி, ஆனால் எரிந்துகொண்டே நின்றது.

“சுவருக்கும் எரியுது காக்கா. இதுல ஒண்டும் இல்ல. பொய்.”

அவர் சிரித்தார். “அப்ப இந்தச் சுவரும் ஒண்டும் எடுக்கல்ல.” பிறகு சிரிப்பை விட்டு, “எனக்கு விளங்குது தம்பி. ஆனா சனம் பொய்யத்தான் நம்பினது. அத எடுக்கவும் ஒரு பொய்தான் வேணும் போல” என்றார்.

அவர் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் வேண்டாம், உண்மையைக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று அடுத்த நாள் பஸ் ஏறி நிந்தவூர் போனேன். மாப்பிள்ளையின் உம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. எல்லாவற்றையும் சொன்னேன். குறடு என்னுடையது, வெட்டினது வலையை, நான் அங்கே இருந்தது ஃபிரிட்ஜின் குழாய்க்கு. வாழ்க்கையில் முதல் தரம் அதை வாயால் சொல்கிறேன்.

அவ கால் விரலால் நெல்லைக் கிளறியபடி கேட்டா. முடிந்ததும், “இவ்வளவு காலமும் வாய்க்குள்ள என்ன வச்சிருந்தீங்க தம்பி?” என்றா.

“பயம் ராத்தா.”

“அண்டைக்குச் செல்லாதவர் இண்டைக்குச் செல்றீங்க. அவர்தான் அனுப்பினாரோ, ஆருக்குத் தெரியும்? கள்ளனுக்குக் கள்ளன் சாட்சி எண்டு ஊர் என்னப் பாத்துச் சிரிக்கும்.” நெல்லை ஒரு தரம் புரட்டினா. “உங்கட கடையில ஒரு விளக்கு இரிக்கிதாமே. அதுல புடிக்கட்டும். எரிஞ்சா எனக்கு மறுப்பு ஒண்டும் இல்ல.”

மனிசன் சொன்னதைத் தள்ளிவிட்டு டியூபைக் கேட்கிறா. எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது கோபம் அவவில் நிற்கவில்லை, என்னிடம் வந்துவிட்டது. நான் நேரத்துக்குச் சொல்லாமல் விட்டதால் என் சொல்லும் தண்ணீர் குடித்த சாமானாகிவிட்டது. இனி எவ்வளவு கழுவினாலும் வேலை செய்யாது.

அப்படித்தான் அந்தப் பின்னேரம் வந்தது. நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளையின் உம்மாவும் இரண்டு பெண்களும் ஒரு மாமாவும். எங்கள் ஊரிலிருந்து தேத்தண்ணிக் கடைக்காரரும், கூப்பிடாமல் வந்த ஆறு பேரும். அந்த ஆறு பேரையும் எனக்கு ஒவ்வொருவராகத் தெரியும். நிவாரணக் கூடாரத்தை இரண்டு பெயரில் எடுத்தவர். பக்கத்து வளவின் வேலிக்கட்டையைக் கடல் தின்றதும் தன் எல்லையை நாலடி தள்ளி நட்டவர். செத்த மச்சினனின் தோணியைத் தன்னுடையது என்று எழுதிக்கொண்டவர். எல்லாரும் ஒரு மனிதனின் கையைப் பார்க்க வந்திருந்தார்கள். கடைக்குள் சேற்று மணமும் வெற்றிலை மணமும் வியர்வையும். காக்கா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பெருநாளுக்குப் போடுகிறது. நகத்துக்குள்ளிருந்த சேற்றை ஈர்க்கால் தோண்டிச் சுத்தம் செய்துவிட்டு வந்திருந்தார். அந்த நகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

மகள் வரவில்லை. வீட்டில் தேத்தண்ணி ஊற்றி வைத்துக் காத்திருந்தாள்.

சுவிச்சைப் போட்டேன். மின்னல் பொரிந்தது, போத்தல்களுக்குள் கடல் சிணுங்கியது. டியூபை அவரிடம் கொடுத்தேன். அவர் “பிஸ்மில்லாஹ்” என்று வாங்கினார். வாங்கின கையோடு எரிந்தது. நல்ல வெள்ளையாக, ஒரு துடிப்பும் இல்லாமல்.

“அல்லாஹு அக்பர்” என்றது ஒரு குரல். மாப்பிள்ளையின் உம்மா முந்தானையால் வாயைத் துடைத்தா. “போதும். எரிஞ்சிட்டு. எங்களுக்கு இனி ஒண்டும் இல்ல. வாற மாதத்துக்கே கலியாணக் காவின் எழுதலாம்.”

எல்லாருக்கும் மூச்சு வந்தது. நான் சுவிச்சுக்குக் கையைக் கொண்டுபோனேன். அப்போதுதான் தேத்தண்ணிக் கடைக்காரர், பகிடியாகத்தான், சொன்னார்: “வந்தது வந்தோம். மத்த ஆக்களும் ஒருக்காப் புடிச்சுப் பாத்துட்டுப் போவமே.”

ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டம் ஒரு அடி பின்னால் போனது, கடற்கரையில் அலை வரும்போது போவது போல. வியாபாரிக்கு எரியாமல் போன கதையை எல்லாரும் அறிவார்கள். அதை நம்பாதவர்கள் அங்கே நானும் காக்காவும் மட்டும்தான். சொன்ன கடைக்காரரே முதலாவதாகப் பின்வாங்கினார். மாப்பிள்ளையின் உம்மாவின் இரண்டு கையும் அவ முந்தானைக்குள் போனது.

காக்கா அவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது அப்போதுதான் பட்டது போல இருந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பிறகு முகத்தை விட்டுக் கை இருக்க வேண்டிய இடங்களைப் பார்த்தார். மையித்தைத் தூக்கும்போதுகூட நான் அவர் முகத்தில் காணாத ஒரு சுளிப்பு அப்போது வந்தது. டியூபை அவர்கள் பக்கம் நீட்டினார். “பயப்புடாதீங்க. சுடாது, கடிக்காது, வயர் ஒண்டும் இல்ல, பாருங்க. ஆராவது ஒராள் வாங்கிப் புடிங்களன்.”

பதினொரு பேரில் ஒரு கையும் வரவில்லை. நான் கண்ணால் கெஞ்சினேன்: போதும் காக்கா, காவின் என்று சொல்லியாச்சு, கொண்டுவந்து தாங்க, நான் அணைக்கிறேன்.

அவர் என்னைக் கண்டார். கொஞ்ச நேரம் நீட்டினபடியே நின்றார். பிறகு எல்லாரும் பார்க்க நடந்து வந்து, டியூபை மெஷினுக்குப் பின்னால் சுவரில் சாத்திவைத்துவிட்டுக் கையை எடுத்தார். எந்தக் கையும் இல்லாமல் அது எரிந்துகொண்டே நின்றது. “சுவருக்கும் எரியுது” என்றார். அவர் இரண்டு உள்ளங்கையையும் வெள்ளைச் சட்டையில் அழுத்தித் துடைத்தார், கதவுப் பலகை ஒன்றைக் கழற்றிச் சாத்திவைத்தார், செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கி நடந்தார்.